கட்டாயம் யாருக்கு?

தொடக்கப் பள்ளிகளில் இந்தியை மூன்றாம் மொழியாகப் புகுத்துவதற்குப் பிறப்பித்த இரண்டு அரசாணைகளையும் மகாராஷ்டிர பாஜக கூட்டணி அரசு 2025 ஜூன் 29 அன்று திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏப்ரல் 16இல் முதல் ஆணை வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் ‘கட்டாயம்’ என்பது மட்டும் நிறுத்திவைக்கப்படுவதாக அறிவித்தார்கள். ஜூன் 17இல் திருத்திய ஆணை வந்தது. பன்னிரண்டு நாள்களுக்கு மேல் அது நிலைக்கவில்லை. மராத்தி எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் மொழி அமைப்புகளும் இடதுசாரிக் கட்சிகளும் தெருவில் இறங்கியதன் பயன் இது. ஜூலை 5 அன்று வொர்லியில் இரு தாக்கரேக்களும் ஒரே மேடையேறி வெற்றி விழாக் கொண்டாடினார்கள். வெற்றியில் பங்கு கேட்போர் பலர்; அதைப் பற்றி நமக்குச் சச்சரவு இல்லை.

மேடையில் எழாத கேள்வி ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பை முடித்து வெளியேறும் மாணவர் எவற்றைக் கற்றிருக்க வேண்டும், எத்தனை மொழிகளில், எத்தனை மதிப்பெண்ணோடு என்பதை முடிவு செய்பவர் யார்? அந்த முடிவு சட்டமன்றத்தில் விவாதித்து எடுக்கப்படுகிறதா, அமைச்சக அறையில் கையெழுத்தாகும் ஆணையால் எடுக்கப்படுகிறதா? அதைக் கற்பதற்கு வேண்டியதை அந்த மாணவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்களா? இந்தி ஆணை போய்விட்டது. இந்தக் கேள்விகள் தாராவியிலும் மாட்டுங்கா தொழிலாளர் முகாமிலும் செம்பூரின் குடிசைப் பகுதிகளிலும் அப்படியே நிற்கின்றன.

பத்தாம் வகுப்புச் சான்றிதழின் எடையை உழைக்கும் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதினோராம் வகுப்புக்கும் பாலிடெக்னிக்குக்கும் தொழிற்பயிற்சி நிலையத்தின் பெரும்பாலான பிரிவுகளுக்கும் அதுவே நுழைவுச்சீட்டு. ரயில்வேயின் கடைநிலைப் பணிக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். கடவுச்சீட்டில்கூட அதன் நிழல் விழுகிறது: பத்தாம் வகுப்புத் தேறாதவர் வேலைக்காக வளைகுடா நாடுகளுக்குச் செல்ல வேண்டுமானால் குடிபெயர்வு அதிகாரியின் அனுமதி பெற வேண்டும்; தேறியவருக்கு அந்தத் தடை இல்லை. தையல் கூடத்திலோ தோல் பட்டறையிலோ இட்லிக் கூடையிலோ தொடங்கி அங்கேயே முடியும் வாழ்க்கைக்கும் சற்று நகர்ந்து நிற்கும் வாழ்க்கைக்கும் இடையில் இந்தத் தாள் இருக்கிறது.

பம்பாயில் இந்த வாயிலுக்குக் காவல் நின்றது முதலில் பல்கலைக்கழகம். 1859 முதல் அது நடத்திய மெட்ரிக்குலேஷன் தேர்வே பள்ளிப் படிப்பின் எல்லையாக இருந்தது. விடுதலைக்குப் பின் 1948ஆம் ஆண்டின் பம்பாய் மாகாணச் சட்டம் எஸ்எஸ்சி தேர்வை உருவாக்கியது. 1965இல் மகாராஷ்டிர சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி இன்றைய மாநிலக் கல்வி வாரியம் 1966 ஜனவரியில் புனேயைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. ஆக, தேர்வை நடத்தும் அமைப்பு சட்டத்தால் பிறந்தது. தேர்வுக்குள் என்ன இருக்க வேண்டும், தேறுவது எது, தவறுவது எது என்பவையோ பெரும்பாலும் விதிகளாலும் ஆணைகளாலும் முடிவாகின்றன. மக்கள் பிரதிநிதிகளின் கண்ணில் அவை அரிதாகவே படுகின்றன.

அப்படிப் பட்ட ஓர் அரிய தருணம் 2020 பிப்ரவரியில் வந்தது. மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளிலும், எந்த வாரியத்தைச் சேர்ந்ததாயினும் எந்தப் பயிற்று மொழியாயினும், பத்தாம் வகுப்புவரை மராத்தி கட்டாயம் என்று சட்டமன்றம் ஒருமனதாகச் சட்டம் இயற்றியது. முதலாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி, 2024-25இல் பத்தாம் வகுப்பை எட்டும்படி வகுத்தார்கள். மீறும் பள்ளிக்கு ரூ.1 லட்சம் தண்டம்.

மகாராஷ்டிரத்தில் வளரும் எந்தக் குழந்தையும் மராத்தி கற்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒன்றுபட்ட மகாராஷ்டிரத்துக்காக நடந்த போராட்டத்தில் கம்யூனிஸ்டுகள் முன்னணியில் நின்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர்நீத்த அப்போராட்டத்தின் பாடல்களை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர்கள் அமர் ஷேக்கும் அண்ணாபாவ் சாத்தேயும். சாத்தே அரசியல் கற்றது மாட்டுங்கா தொழிலாளர் முகாமில். பள்ளிக்கூடத்தில் அவர் இருந்தது ஒன்றரை நாள்தான் என்பார்கள். இன்றைய விதிகளின்படி அவருக்கு எந்தச் சான்றிதழும் கிடைத்திருக்காது என்பதையும், அவர் எழுதியதை இன்று மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள் என்பதையும் கல்வி அதிகாரிகள் ஒருமுறை சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

தாராவியின் தமிழ்வழிக் குழந்தைக்கு மராத்தி புதிதும் அன்று. மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் அது நெடுங்காலமாகவே கற்பிக்கப்படுகிறது. மாவுமில்லிலும் காய்கறிச் சந்தையிலும் மாநகராட்சி மருத்துவமனையின் வரிசையிலும் அதே மொழி காதில் விழுகிறது. நம்முடைய கேள்வி சட்டத்தின் நோக்கத்தைப் பற்றியது அன்று, அதன் கணக்கைப் பற்றியது.

கணக்கு இதுதான். கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி இலவசக் கல்வி 6 வயது முதல் 14 வயதுவரை. அதாவது எட்டாம் வகுப்போடு முடிகிறது. தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்யச் சொல்லும் அரசியல் சாசனத்தின் 350ஏ பிரிவு தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. ஆனால் மாணவர் மீதான மொழிக் கட்டாயம் பத்தாம் வகுப்புவரை நீள்கிறது. உரிமை எட்டில் இறங்கிக்கொள்கிறது. கடமை மட்டும் மேலும் இரண்டு வகுப்புகள் பயணம் செய்கிறது. தமிழ்வழி மாணவர் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இரண்டு வகுப்புகளில்தான்.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது: மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம். வேறெந்த நகரமும் எளிதில் பெருமைப்பட முடியாத ஏற்பாடு இது. எந்த அரசின் தயவாலும் வந்ததன்று, இந்த நகரத்தைக் கட்டிய தொழிலாளர்களால் வந்தது. ஆனால் மாநகராட்சியின் தொடக்கப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் உயர்நிலைப் பள்ளிகள் மிகக் குறைவு. தமிழ்வழியில் இன்னும் குறைவு. ஏழாம் வகுப்பையோ எட்டாம் வகுப்பையோ தமிழில் முடிக்கும் சிறுமி, ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலவழியிலோ இந்திவழியிலோ மராத்திவழியிலோ போய் உட்கார வேண்டியிருக்கிறது. ‘ஒளிச்சேர்க்கை’ என்று கற்றதை வேறு பெயரில் தேடிப் பிடிக்க அவளுக்கு இரண்டே ஆண்டுகள். பள்ளி தொலைவில் இருந்தால், பல வீடுகளில் அந்த இரண்டு ஆண்டுகளும் கிடைப்பதில்லை.

இதற்குப் பெற்றோர் கண்டுகொண்ட வழி, முதல் வகுப்பிலேயே ஆங்கிலப் பள்ளி. தாராவியில் காமராஜர் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளியே ஆங்கில உயர்நிலைப் பள்ளிதான். தமிழ்ப் பற்றில்லாதவர்கள் என்று அவர்களை ஏசுவது எளிது; மேடைத் தமிழர்கள் சிலர் அதைச் செய்தும் வருகிறார்கள். பத்தாம் வகுப்புவரை போகாத பாதையில் பிள்ளையை ஏற்றிவிட எந்தத் தாயும் விரும்பமாட்டாள். மாணவர் சேர்க்கை குறைகிறது என்று காரணம் காட்டித் தமிழ்ப் பிரிவுகளைச் சுருக்கும் நிர்வாகம், சேர்க்கை ஏன் குறைகிறது என்று இந்தத் தாய்மாரிடம் கேட்டதுண்டா?

இங்கே சட்டங்களின் மொழியை உற்றுப் பார்ப்பது பயன் தரும். 350ஏ பிரிவு, போதிய வசதிகளை அளிக்க மாநிலங்கள் ‘முயல வேண்டும்’ என்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, பயிற்று மொழி ‘இயன்றவரை’ தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. மராத்திச் சட்டத்தில் முயல்வதும் இல்லை, இயன்றவரையும் இல்லை. கட்டாயம் என்பது கட்டாயமேதான். தமிழ் இலக்கணத்தில் ஏவல் வினை என்றும் வியங்கோள் வினை என்றும் இரண்டு உண்டு. ஏவல் கட்டளையிடும், வியங்கோள் வாழ்த்தும், வேண்டிக்கொள்ளும். நம் கல்விச் சட்டங்களில் மாணவருக்கு ஏவலும் அரசுக்கு வியங்கோளும் பங்கு பிரிக்கப்பட்டிருக்கின்றன.

ஒரே ஓர் இடத்தில் இது தலைகீழாக இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 8ஆவது பிரிவு ‘கட்டாயக் கல்வி’ என்ற தொடருக்கு விளக்கம் தருகிறது. அந்த விளக்கத்தின்படி கட்டாயம் என்பது அரசின் கடமையைக் குறிக்கும்: இலவசக் கல்வி தருவதும் ஒவ்வொரு குழந்தையின் சேர்க்கையையும் வருகையையும் தொடக்கக் கல்வியை முடிப்பதையும் உறுதி செய்வதும் அரசின் பொறுப்பு. குழந்தையின் மீது அது சுமையேற்றவில்லை. நாடாளுமன்றம் 2009இல் இந்தச் சொல்லுக்குக் கொடுத்த பொருள் இது. 2020இல் மும்பையில் அதே சொல் மீண்டும் சட்டமானபோது, மராத்தி ஆசிரியரை நியமிக்கத் தவறும் அரசுக்கு எந்தத் தண்டமும் விதிக்கப்படவில்லை.

சட்டம் வந்தபின் நடந்ததைப் பாருங்கள். கொரோனாக் காலத்தில் பாடம் ஒழுங்காக நடக்கவில்லை என்று சொல்லி, 2023 ஏப்ரலில் அரசு ஒரு சலுகை அறிவித்தது. சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ, சர்வதேச வாரியப் பள்ளிகளில் அப்போது எட்டாம் வகுப்பில் இருந்த மாணவர் அணிக்கு, பத்து முடியும்வரை மராத்தியில் தரக்குறியீடு மட்டும் போதும்; மொத்த மதிப்பெண்ணில் அது சேராது. கொரோனா யாரை அதிகம் தாக்கியது? வீட்டில் மடிக்கணினியும் தனியறையும் இருந்த பிள்ளைகளையா, பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரே கைபேசியை மூன்று பேர் பகிர்ந்த பிள்ளைகளையா? மாநில வாரியத்து மாணவருக்கு அந்தச் சலுகை இல்லை. சட்டம் எல்லோருக்கும் பொது என்றார்கள். அதிலிருந்து விலகிக்கொள்ளும் வாசல் ஒரு சிலருக்கு மட்டும் திறந்தது, அதுவும் ஆணையால்.

வாரியங்களுக்கு இடையிலான இந்த வர்க்கப் பிளவு புதிதன்று. 2010இல் எஸ்எஸ்சி மாணவர்களுக்கு ஆறு பாடங்களில் சிறந்த ஐந்தை மட்டும் கணக்கில் எடுக்கும் முறை வந்தபோது ஐசிஎஸ்இ தரப்புப் பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஜூனில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. கல்லூரி இடம் யாருக்கு என்பதே அதன் உள்ளுறை.

இவற்றையெல்லாம்விடக் கவலை தருவது வேறொன்று. 2024இல் உருவான மாநிலப் பாடத்திட்டச் சட்டகத்தின் முன்மொழிவு ஒன்று அந்த ஆண்டு அக்டோபரில் பொது விவாதத்துக்கு வந்தது. கணக்கிலும் அறிவியலிலும் தேர்ச்சிக்குரிய 35 மதிப்பெண்ணை எட்டாவிட்டாலும் 20 எடுத்தால் பத்தாம் வகுப்பை முடித்ததாகச் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் அந்த மாணவர் கணக்கு, அறிவியல் சார்ந்த மேற்படிப்புக்குச் செல்ல முடியாது என்ற குறிப்பும் அதில் இடம்பெறும். வேண்டுமானால் மறுதேர்வு எழுதிக்கொள்ளலாம். புதிய பாடத்திட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போதுதான் இது வரும் என்று அதிகாரிகள் சமாதானம் சொன்னார்கள்.

இதில் கருணை இருப்பதாகத் தோன்றலாம். இரண்டு பாடங்களில் தோற்றுப் படிப்பையே கைவிடும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருப்பது உண்மை. அவர்களை ‘தோற்றவர்’ என்ற முத்திரையிலிருந்து விடுவிப்பதற்கு நாம் எதிரிகள் அல்ல. ஆனால் இந்தக் கருணைக்கு முன்னால் நடந்திருக்க வேண்டியது என்ன? கணக்கு ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு ஆசிரியர். ஆய்வுக்கூடம் என்ற பெயரில் பூட்டிக் கிடக்கும் அறைக்கு உபகரணம். பயிற்று மொழி மாறி வரும் பிள்ளைக்கு ஓராண்டு இணைப்பு வகுப்பு. இவை எதற்கும் சட்டகத்தில் காலவரையறையோடு கூடிய வாக்குறுதி இல்லை. பதினைந்து வயதில் ஒரு தாளில் எழுதப்படும் குறிப்பு, அந்தப் பிள்ளை இனி மின்பணியாளராகவோ செவிலியராகவோ ஆய்வக உதவியாளராகவோ ஆகும் வழியை அடைக்கிறது. அந்தக் குறிப்பு யாருடைய சான்றிதழில் அதிகம் இருக்கும் என்று ஊகிக்க ஆய்வு எதுவும் வேண்டாம். தலித், ஆதிவாசி, முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் மாநகராட்சிப் பள்ளிகளையும் ஜில்லா பரிஷத் பள்ளிகளையும் போய்ப் பார்த்தால் போதும். சாதி முன்பு பிறப்பிலேயே எழுதியதை இனி மதிப்பெண் பட்டியலில் எழுதலாம் என்கிறார்கள்.

இருபது என்ற எண் மகாராஷ்டிரக் கல்வித் துறைக்கு ஏனோ மிகவும் பிடித்துப்போயிருக்கிறது. 20 மாணவர்களுக்குக் குறைவான பள்ளிகளைச் சேர்த்துக் கூட்டுப் பள்ளிகளாக்கும் திட்டம் 2023இல் வந்தது. கணக்குக்கு 20 மதிப்பெண் போதும் என்ற யோசனை 2024இல். 2025 ஜூனில் திரும்பப் பெறப்பட்ட ஆணையில், இந்திக்குப் பதில் வேறொரு மொழி வேண்டுமானால் ஒரு வகுப்பில் 20 மாணவர்கள் கேட்க வேண்டும். அத்தனை பேர் இல்லையென்றால் இணையவழியில் கற்றுக்கொள்ளலாம். முதல் வகுப்புக் குழந்தை, இணையவழியில்!

அந்த ஜூன் ஆணையின் சொல்லாட்சியையும் குறிப்பிட வேண்டும். ஏப்ரலில் ‘அனிவார்ய’ என்று இருந்தது, கட்டாயம் என்று பொருள். ஜூனில் அதை நீக்கிவிட்டு ‘சர்வசாதாரணபணே’ என்று எழுதினார்கள். மராத்தியில் அதற்குப் ‘பொதுவாக’ என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது ‘சர்வசாதாரணமாக’ என்று ஒலிக்கும்; திணிப்பும் அவ்வளவு சர்வசாதாரணமாகத்தான் நடக்கவிருந்தது. மராத்தி, ஆங்கிலம் அல்லாத பயிற்று மொழிப் பள்ளிகளில் பயிற்று மொழி, மராத்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழிகள் ஏற்கெனவே இருப்பதால் அந்த ஆணை அவற்றைத் தொடவில்லை. ஆறு வயதில் மூன்று மொழிகளைச் சுமக்கும் தமிழ்வழிக் குழந்தைக்கு அந்த ஆணை போனதால் பாரம் குறையவும் இல்லை. மொழிகளை எந்த வகுப்பிலிருந்து கற்பிப்பது என்று ஆராய நரேந்திர ஜாதவ் தலைமையில் குழு அமைத்தார்கள். ஆணைகளை எழுதிவிட்டு, மக்கள் கொதித்தபின் ஆய்வு.

இதே காலத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து சிபிஎஸ்இ பாணிப் பாடத்திட்டத்தைப் படிப்படியாகப் புகுத்துவதும் தொடங்கிவிட்டது. ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் ஆண்டுத் தேர்வில் தவறியவரை நிறுத்திவைக்கும் முறை ஏற்கெனவே திரும்பிவிட்டது. தமிழ்நாடு அதை ஏற்க மறுத்திருக்கிறது. ஒன்றிய அரசோ வாரியங்களை எல்லாம் ஓர் அளவுகோலில் நிறுத்த ‘பரக்’ என்ற அமைப்பை வைத்துக்கொண்டு மாநிலங்களுக்குப் பரிந்துரை அனுப்புகிறது. 1976இல் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனதன் நெடுங்கால விளைவு இது. மாநிலச் சட்டமன்றமோ 2025 ஜூலையில் நடந்த கூட்டத்தொடரில், இடதுசாரிகளைக் குறிவைக்கும் பொதுப் பாதுகாப்பு மசோதாவை இரண்டே நாளில் இரு அவைகளிலும் நிறைவேற்ற நேரம் கண்டது.

அப்படியானால் எல்லாவற்றையும் சட்டமாக்கிவிட்டால் சரியாகிவிடுமா? தமிழ்நாட்டின் அனுபவம் இரண்டு விதமாகவும் பேசுகிறது. 2010இன் சமச்சீர்க் கல்விச் சட்டம், நான்கு வாரியங்களாகப் பிரிந்து கிடந்த பிள்ளைகளுக்குப் பொதுப் பாடத்திட்டம் தந்தது. 2011இல் ஆட்சிக்கு வந்த அதிமுக அரசு அதைத் தள்ளிவைக்க முயன்றது. வெறும் ஆணையாக இருந்திருந்தால் ஒரே நாளில் போயிருக்கும். சட்டமாக இருந்ததால் திருத்தச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் சமச்சீர்க் கல்வியை அந்த ஆண்டே நடத்தச் சொன்னது. பிள்ளைகள் இரண்டு மாதங்களுக்கு மேல் புத்தகமின்றிப் பள்ளிக்குப் போய்வந்தார்கள் என்றாலும், சட்டம் தாங்கிப் பிடித்தது.

மறுபக்கம் 2006இன் தமிழ் கற்றல் சட்டம். ஒன்றாம் வகுப்பில் தொடங்கி 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. மகாராஷ்டிரத்தின் 2020 சட்டத்துக்கு அண்ணன் என்று சொல்லலாம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளின் தெலுங்கு, கன்னட மாணவர்களும் பல ஊர்களின் உருது மாணவர்களும் பத்தாம் வகுப்புத் தேர்வை நெருங்கியபோது, தங்களுக்குப் போதிய தமிழாசிரியரே அனுப்பப்படவில்லை என்று முறையிட்டார்கள். நீதிமன்றங்கள் விலக்களித்தன, 2023இல்கூட உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டுத் தேர்வுக்கு விலக்குத் தந்தது. சட்டம் வந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னும் தேர்வு நெருங்கும் வேளையில் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. ஓசூரின் தெலுங்குச் சிறுவன் நிற்கும் இடத்தில்தான் தாராவியின் தமிழ்ச் சிறுமி நிற்கிறாள். இவளுக்காகப் பேசும் தமிழர் அவனுக்காகவும் பேசாவிட்டால், ஜாதவ் குழுவின் முன் நம் சொல்லுக்கு மதிப்பிராது. இதைத் தமிழ்நாட்டுத் தோழர்கள் சிலர் ரசிக்கமாட்டார்கள் என்பது தெரிந்ததே.

கற்பிக்காததைக் கேட்டுச் சான்றிதழை மறுப்பது அநீதி என்பதை நீதிமன்றங்கள் வேறு நாடுகளிலும் எடுத்துச் சொல்லியிருக்கின்றன. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம் 1970களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு ஓர் அடிப்படைத் தேர்வைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. அதில் தவறியவர்களில் கறுப்பின மாணவர்கள் மிகுதி. அவர்களோ தங்கள் பள்ளி வாழ்வைப் பிரித்துவைக்கப்பட்ட, வசதியற்ற பள்ளிகளில் தொடங்கியவர்கள். 1979இல் நீதிமன்றம் அந்த நிபந்தனையை நான்கு ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. தேர்வில் கேட்பவை வகுப்பறையில் உண்மையில் கற்பிக்கப்பட்டன என்று மாநிலம் நிரூபிக்க வேண்டும் என்று 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கலிஃபோர்னியா 2021இல் இயற்றிய சட்டம் இன்னொரு வழி. கறுப்பின, பூர்வகுடி, லத்தீன், ஆசிய மக்களின் வரலாற்றைக் கற்பிக்கும் இனவரைவியல் பாடத்தைப் பள்ளியிறுதிக்கு அது கட்டாயமாக்கியது; ஆனால் சட்டமன்றம் அதற்கு நிதி ஒதுக்கினால்தான் கட்டாயம் செயல்படும் என்றும் எழுதியது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நிதி இல்லை, கட்டாயமும் எழவில்லை. நல்ல பாடம் ஒன்று பணமில்லை என்ற சாக்கில் முடங்கியது வருந்தத்தக்கது. ஆயினும் பணம் தராமல் பிள்ளையிடம் மட்டும் கேட்கும் துணிச்சலை அந்தச் சட்டம் அரசுக்குக் கொடுக்கவில்லை.

மகாராஷ்டிரத்தில் நாம் கோருவது இந்த இரண்டையும் இணைக்கும் சட்டத் திருத்தம். இலவசக் கல்வி உரிமை பத்தாம் வகுப்புவரை நீள வேண்டும். கட்டாயம் எங்கே முடிகிறதோ அதற்கு முன்னால் உரிமை முடியக்கூடாது. தொடக்க வகுப்பில் எந்த மொழிவழியைத் திறக்கிறார்களோ அந்த வழி பத்துவரை போக வேண்டும், அல்லது மாறும் மாணவருக்கு இணைப்பு வகுப்பு சட்டப்படி கிடைக்க வேண்டும். ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியின் மாணவரை அந்தப் பாடத்தின் பெயரால் தோற்றவர் என்று அறிவிக்கவோ, அவர் சான்றிதழில் தடைக்குறிப்பு எழுதவோ கூடாது. தேர்ச்சி விதிகளில் செய்யும் எந்த மாற்றமும் அவையில் வைக்கப்பட்ட பின்பே நடைமுறைக்கு வர வேண்டும். மராத்தியைப் பொறுத்தவரை, அதைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகளுக்கென்றே எழுதிய பாடநூலும் அதைக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியரும் வேண்டும்.

தாராவியில் இவற்றுக்கு அவசரம் கூடுகிறது. அதானி குழுமம் 80 விழுக்காட்டுப் பங்கு வைத்திருக்கும் மறுமேம்பாட்டுத் திட்டத்தின் பெருந்திட்டத்துக்கு 2025 மே மாத இறுதியில் முதலமைச்சர் ஒப்புதல் அளித்துவிட்டார். ‘தகுதியற்றவர்’ என்று ஒதுக்கப்படும் குடும்பங்களை முலுண்ட், காஞ்சூர்மார்க் உப்பளங்கள், மால்வணி, தேவனார் குப்பைமேடு என்று சிதறடிக்கும் யோசனைகள் உலவுகின்றன. பாத்திரம் பண்டங்களோடு அந்தக் குடும்பங்கள் போகும்; பிள்ளைகளின் தமிழ்வழிப் பள்ளி கூடவே போகுமா? 1976இல் அவசரநிலையின்போது ஜனதா காலனியை இடித்து மக்களைச் சீட்டா கேம்ப்புக்குத் தள்ளிய நினைவு செம்பூர், டிராம்பே வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. வெறும் நிலத்தில் இறக்கிவிடப்பட்டவர்களுக்குப் பள்ளியும் தண்ணீரும் போராடித்தான் வந்தன. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், எட்டாம் வகுப்புவரையான பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது மகாராஷ்டிரத்தின் கல்வி உரிமை விதி. எந்த மொழிவழிப் பள்ளி என்பதை அந்த விதி சொல்லவில்லை; ஒன்பதாம் வகுப்பைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

முறையிடுவதற்கும் நெடுநாள் ஆளில்லாமல் இருந்தது. மும்பை மாநகராட்சி மன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நிர்வாக அதிகாரியின் ஆட்சி நடந்தது. பள்ளிகளைக் கேள்வி கேட்கும் கல்விக் குழுவும் அப்போது இல்லை. உள்ளாட்சித் தேர்தல்களை நடத்தி முடிக்க உச்ச நீதிமன்றம் 2025 மே 6 அன்று கெடு விதித்தது. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் தமிழ், தெலுங்கு, கன்னட, உருதுவழிப் பள்ளிகளில் எத்தனையாம் வகுப்புவரை இருக்கிறது, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பை முடித்தவர்கள் இப்போது எங்கே படிக்கிறார்கள் என்ற மூன்று விவரங்களையும் பெற்றோரைக் கொண்டே திரட்டி, மராத்தியில் எழுதி, மாநில அரசுக்கு ஒரு படியும் மாநகராட்சிக்கு ஒரு படியும் கொடுக்க வேண்டும்.